அத்தை அநாதை இல்லை

இணையத்தில் சுற்றுகிற அந்தப் போட்டோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். கேரளத்தில், பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை வீட்டுத் திண்ணையில் ஐந்து கிழவிகள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறார்கள். மேலே "பெற்ற பிள்ளைகள் கைவிட்ட தாய்மார்கள்", கூடவே அழுகிற பொம்மை மூன்று. இடமிருந்து இரண்டாவது என் அத்தை.

யாரும் கைவிடவில்லை ஐயா. மாமா போனபின் கோயமுத்தூரில் மகன் வீட்டில் எட்டு மாதம் இருந்து பார்த்துவிட்டு, அவராகவே ஊர் திரும்பி, தோழிகளோடு வாடகைக்கு வீடு பிடித்தார். ஒரே அடுப்பு. நடுவில் கொஞ்ச நாள் தனியாக இருந்தபோது, "ஒருத்திக்கு எதுக்குக் கண்ணு குழம்பு" என்று மோரும் ஊறுகாயுமாக ஓட்டியவர். இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறார். ஒருத்தி பிரஷர் மாத்திரையை மறந்தால் இன்னொருத்தி திட்டுகிறாள். விடிந்தும் கதவு திறக்கவில்லை என்றால் தட்ட ஆள் இருக்கிறது. சண்டையும் உண்டு: இரண்டு பேருக்கு மலையாள சீரியல், மூன்று பேருக்குத் தமிழ், ரிமோட் ஒன்று.

நான் கதை விடுவதாக நினைப்பவர்களுக்கு: 2010-இல் அமெரிக்க உளவியலாளர் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 3 லட்சம் பேருக்கு மேல். மனிதத் தொடர்பு வலுவாக உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம். அதிலும், தனியாக இருக்கிறாரா கூட யாராவது இருக்கிறார்களா என்ற கணக்கு மட்டும் பெரிதாக எதையும் சொல்லவில்லை. எத்தனை விதத்தில் மனிதர்களோடு ஒட்டியிருக்கிறார் என்பதுதான் பேசியது. ஜப்பானின் ஒகினாவாவில் 'மோவாய்' என்று ஒன்று உண்டு (நம் தாடை இல்லை). நம் சீட்டு மாதிரி பணம் போட்டு, கடைசிவரை ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிற கூட்டாளிகள்.

"இதெல்லாம் நம் பண்பாடா?" என்கிறார்கள். இங்கே கேரளத்தில் பஞ்சாயத்துகளே முதியவர்களுக்குப் பகல்வீடு நடத்துகின்றன; பகலில் போய்க் கூடியிருந்துவிட்டு வீடு திரும்புகிற இடம். அங்கே போய்வந்தால் யாரும் அழுகிற பொம்மை போடுவதில்லை. ராத்திரியும் தங்கினால் மட்டும் அநாதையா?

படுத்த படுக்கையானால்? தீராத நோயில் கிடப்பவர்களின் வலி தணித்துப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கே பாலியேட்டிவ் நர்ஸ் வருகிற ஊர் இது. காசில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? அத்தைக்கு மாமாவின் பென்ஷன் வருகிறது. சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை, விடுங்கள்.

என் அம்மா கூட்டுக் குடும்பத்தில்தான் இருந்தார். ஆறு பேர். காலையில் காபி, ராத்திரி மாத்திரை, நடுவில் யாரும் அந்த அறைக்குள் போனதாக எனக்கு நினைவில்லை. நான் உட்பட. குளியலறையில் விழுந்தது பத்து மணி வாக்கில். நாங்கள் பார்த்தது பன்னிரண்டரைக்கு. எல்லோரும் வீட்டில்தான் இருந்தோம். ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நீங்கள் வந்திருந்தால் "அருமையான கூட்டுக் குடும்பம்" என்று போட்டோ எடுத்துப் போட்டிருப்பீர்கள்.

அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள். கமெண்டில் பெயர் சொல்லித் திட்டியிருக்கிறீர்களே, அத்தை மகன், அவன் மூன்று நாளாகக் கடை திறக்கவில்லை.