கோழியைக் கழுவுவது இருக்கட்டும், கொத்தமல்லியைத் தள்ளி வையுங்கள்

கோழியைக் கழுவாமல் சமைக்கிறேன் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொல்லிப் பாருங்கள். இனி இவர்கள் வீட்டில் கை நனைக்கலாமா என்று சொந்தபந்தமே யோசிக்க ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டில் கழுவுவதில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்காக இந்தப் பதிவு, கொஞ்சம் நீளம்தான்.

கழுவுகிற பழக்கத்தை நான் கேலி செய்யமாட்டேன். வீட்டுக் கொல்லையில் கோழியை அறுத்து, வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கி, நெருப்பில் வாட்டி, மஞ்சள் பூசிய காலத்தில் அதில் கரி இருந்தது, மண் இருந்தது. கழுவாமல் எப்படிச் சட்டியில் போடுவது? இங்கே சிங்கப்பூரில் நிலைமை வேறு. மலேசியாவிலிருந்து உயிரோடு லாரியில் வரும் கோழிகூட உரிமம் பெற்ற அறுப்புக்கூடத்துக்குத்தான் போகிறது. இறகும் குடலும் நீக்கி, அலசி, குளிரூட்டிய பிறகுதான் தேக்கா சந்தைக் கடைக்கோ சூப்பர்மார்க்கெட் தட்டுக்கோ வருகிறது.

"ரத்தம் வடியுதே" என்பார்கள். பொட்டலத்தின் அடியில் தேங்கி நிற்கும் சிவப்புத் தண்ணீரில் பெரும்பகுதி ரத்தம் இல்லை. ரத்தம் அறுக்கும்போதே வடிந்துவிடும். இது தசையில் இருக்கும் நீரும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதமும் கசிந்து வருவது. உறைந்த கோழி இளகும்போது இன்னும் அதிகமாக வரும். 2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது உறைந்த கோழிக்கு மாறியவர்களுக்கு இந்தத் தண்ணீர் நன்றாகவே பழகியிருக்கும்.

சரி, கிருமி? இருக்கிறது. சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் இரண்டும் பச்சைக் கோழியில் சாதாரணமாக இருப்பவை. குழாய்த் தண்ணீருக்கு அவை முழுதாகப் போகாது. உப்பு, மஞ்சள், எலுமிச்சை, வினிகர் எதையும் நம்பி இருக்க முடியாது. துண்டின் நடுப்பகுதி வரை 75 டிகிரி சூடு ஏறினால் செத்துவிடும். நம் வீட்டுக் கோழிக்குழம்பு கொதிக்கிற கொதிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2014இல் கோழியைக் கழுவாதீர்கள் என்று ஒரு பிரசாரமே நடத்தியது.

ஆக, குழம்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சிங்க்கைப் பற்றித்தான். நம் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையை நினைத்துப் பாருங்கள். சிங்க்குக்கு மேலேயே தட்டு வடியும் ரேக். பக்கத்தில் ஒரு முழம் இடம், அதில் பிரியாணிக்கு அலசி வைத்த கொத்தமல்லி, புதினா, பச்சடிக்கு நறுக்கிய வெள்ளரிக்காய். குழாயைத் திறந்து கோழித்தொடையைக் காட்டினால் நீர் நாலாப்பக்கமும் தெறிக்கும். அரை மீட்டருக்கு மேலும் போகும் என்கிறார்கள். கோழி வேகப்போகிறது. வெள்ளரிக்காய் வேகாது.

அமெரிக்க வேளாண் துறை 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கோழியைக் கழுவியவர்களில் 60 விழுக்காட்டினரின் சிங்க்கில் கிருமி இருந்தது. சிங்க்கைச் சுத்தம் செய்ய முயன்ற பிறகும் 14 விழுக்காட்டினருடையதில் போகவில்லை. 26 விழுக்காட்டினரின் சாலட் கீரைக்கும் கிருமி போயிருந்தது. இதைச் சொல்கிறவர்கள் பலர் அடுத்த எண்ணைச் சொல்வதில்லை: கழுவாதவர்களிலும் 31 விழுக்காட்டினரின் கீரைக்குக் கிருமி போயிருந்தது! கையைச் சரியாகக் கழுவாததும் அதற்கு ஒரு காரணம். எனவே கழுவாமல் விட்டதோடு கடமை முடிந்தது என்று என்னைப் போன்றவர்கள் மார்தட்டிக்கொள்ள முடியாது.

இன்னொரு தொல்லை, கேம்பிலோபேக்டர் உடனே வேலையைக் காட்டாது. பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து நாள் கழித்துத்தான் வயிற்றைக் கலக்கும். அதற்குள் நாம் நாலு இடத்தில் சாப்பிட்டிருப்போம். பழி முந்தின நாள் சாப்பிட்ட நாசி பாடாங் (சோறும் பல வகைக் கறிகளும்) கடைக்காரர் தலையில் விழும்.

நான் செய்வது இதுதான். பச்சையாகச் சாப்பிடுவதை எல்லாம் முதலில் நறுக்கி, மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். கோழி கடைசியில்தான் வெளியே வரும். ஈரச் சந்தைக் கோழியில் முதுகெலும்போடு நுரையீரல் துணுக்கு ஒட்டியிருக்கும், வெட்டிய இடத்தில் எலும்புத்தூள் இருக்கும். கையால் எடுத்துவிட்டு கிச்சன் பேப்பரால் ஒற்றி எடுத்தால் போதும். அப்புறம் சோப்புப் போட்டு 20 வினாடி கை கழுவல். கவிச்சி போகாதே என்றால், அது தண்ணீரில் எப்போது போனது? மஞ்சள், இஞ்சி பூண்டு, தயிர் போட்டு ஊறவைத்தால்தான் அடங்கும். ஈரமில்லாத கோழியில் மசாலாவும் நன்றாகப் பிடிக்கும், வறுக்கும்போது எண்ணெயும் தெறிக்காது.

மாமியார் வந்தால் கதை வேறு. "கழுவாத கோழி என் தொண்டைக்குள்ள எறங்காதும்மா" என்பார். "சரிங்கத்தை, இந்தப் பேசின்ல தண்ணி பிடிச்சு அதுக்குள்ளேயே அலசுங்க, குழாயை மட்டும் திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ரேக்கைத் தூக்கி ஹாலில் வைத்துவிடுவேன். அவர் முடித்ததும் சிங்க்கை சோப்புப் போட்டுத் தேய்த்து, பிளீச் தெளிப்பது என் வேலை. இதுவரை சண்டை வந்ததில்லை.

இந்தப் பதிவைக் காட்டி ஆட்டுக்குடலையும் கழுவாமல் சமைக்கக் கிளம்பிவிடாதீர்கள். அது வேறு சமாச்சாரம், அதைக் கழுவித்தான் ஆக வேண்டும். அப்போதும் கொத்தமல்லி ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும்.