நோர்ட்ஓஸ்ட் லீக் 2012ல பிறக்கல
கட்டுரை நல்லா இருக்கு, ஆனா ஜெர்மனியோட வடகிழக்கு வட்டார ஃபுட்பால் லீக்கான ரீஜியோனல்லிகா நோர்ட்ஓஸ்ட் 2012லதான் ஆரம்பிச்சதுன்னு எழுதியிருக்கீங்க, அது பாதிதான் சரி. 1994லயே மூணாவது டிவிஷனா வந்துடுச்சு, முதல் சீசன் சாம்பியன் கார்ல் ஸைஸ் யேனா கிளப், 2000ல அந்த டிவிஷன்ல இருந்த நாலு வட்டார லீக்க ரெண்டா குறைச்சப்போ இதைக் கலைச்சுட்டாங்க. 2012ல திரும்ப வந்தது நாலாவது டிவிஷனா.

இந்த லீக்ல ஆடுற லோக் லைப்சிக் கிளப் பத்தி ஒரு வரி கூட இல்லையே, அதான் எனக்கு ரொம்ப வருத்தம். 1987ல ஏதென்ஸ்ல அயாக்ஸ் கூட ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கப் ஃபைனல் ஆடுன டீம்ங்க அது, 1993ல விஎஃப்பி லைப்சிக்ங்கிற பேர்ல ஜெர்மனியோட முதல் டிவிஷனான புண்டஸ்லிகாவுக்கே போச்சு, அப்புறம் கடன்ல மூழ்கி 2004ல திவால் ஆகி, ரசிகர்களே பழைய பேர்ல கிளப்ப திரும்ப ஆரம்பிச்சு 11வது டிவிஷன்ல இருந்து ஏறி வந்தாங்க, அந்த அடிமட்ட லீக் மேட்ச் ஒண்ணுக்கே 12,000 பேருக்கு மேல வந்தாங்கன்னா பாத்துக்கோங்க!

இவ்ளோ தூரம் ஏறி வந்து 2020ல நோர்ட்ஓஸ்ட் சாம்பியன் ஆகியும் மூணாவது டிவிஷனுக்குப் போறதுக்கான பிளேஆஃப்ல வெர்ல் கிளப் கூட 2-2, 1-1, ஒரு மேட்ச் கூட தோக்காம அவே கோல் ரூல்ல (மொத்த கோல் சமமா இருந்தா எதிரி மைதானத்துல அதிக கோல் போட்டவங்களுக்கு ஜெயம்) வாய்ப்பு போச்சு. 2025ல மறுபடியும் சாம்பியன், மறுபடியும் பிளேஆஃப், ஹவெல்ஸே கிளப் கிட்ட தோல்வி. நாலாவது டிவிஷன்ல இந்த மாதிரி அஞ்சு வட்டார லீக் இருக்கு, மேல போக நாலு இடம்தான். வெஸ்ட் (மேற்கு), ஸூட்வெஸ்ட் (தென்மேற்கு) லீக் சாம்பியன்களுக்கு நேரா புரமோஷன், மத்த மூணு லீக்ல ஒண்ணுக்கு மட்டும் சுழற்சி முறையில நேரடி இடம், மீதி ரெண்டும் பிளேஆஃப் ஆடணும். சாம்பியன் ஆனவன் மேல போகணும், அவ்ளோதான் கேக்குறோம்.