பாரிஸ் கஃபேயும் டௌட்டி தெரு வீடும்
பெரிய எழுத்தாளர்கள் உட்கார்ந்த கஃபேயில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே எழுத வரும் என்று, எழுத்தாளர்கள் வாழ்ந்த ஊர்களுக்குப் பயணம் போவது பற்றிய ஒரு கட்டுரை சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பாரிஸில் அப்படிப் பெயர்பெற்ற ஓர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சுற்றிலும் என்னைப் போலவே செல்ஃபி எடுக்க வந்த கூட்டம், காபி விலையை ரூபாயில் கணக்குப் போட்டதோடு கற்பனை நின்றுவிட்டது. எனக்கு உதவியது லண்டன்தான். டௌட்டி தெரு 48ஆம் எண் வீட்டில் 1837 முதல் 1839 வரை ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் குடியிருந்தார், இப்போது அருங்காட்சியகம். 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலை அங்கேதான் எழுதினார். கைக்குழந்தை, வந்துபோகும் விருந்தாளிகள், மாதாமாதம் பத்திரிகைக்குக் கொடுத்தாக வேண்டிய அத்தியாயம், இத்தனைக்கும் நடுவே மனுஷன் எழுதியிருக்கிறார் என்பது அந்த அறைகளுக்குள் நடக்கும்போதுதான் உறைக்கிறது. அப்புறம் பிரிட்டிஷ் நூலகத்தின் பொக்கிஷக் காட்சிக்கூடம்: அனுமதி இலவசம், அசல் கையெழுத்துப் பிரதிகளைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். அடித்தல் திருத்தல் பார்க்கப் பிடித்தவர்களுக்கு அரை நாள் போதாது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், இப்படிப் பயணம் போவதெல்லாம் காசுள்ளவர்களுக்கு என்கிறார். பாதி உண்மை. அவரும் பெங்களூருக்காரர் என்பதால் சொல்கிறேன், அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதிப் பழகிவிட்டு விசாவுக்கு விண்ணப்பித்தால், போன ஊரில் எதைக் குறித்துக்கொள்வது என்றாவது தெரியும்.