கார்கிலுக்குப் போகாத எங்கள் ஹவில்தார் மாமா

குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனவர்கள் அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் பனிமலை, ஒரு பீரங்கி, மேலே தேசியக்கொடி, நடுவில் எங்கள் ஹவில்தார் மாமாவின் ஆதார் கார்டு படத்தைப் பெரிதாக்கி ஒட்டி, கீழே 'கார்கில் நாயகனுக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று போட்டிருக்கிறார்கள். மாமா ரிட்டையர் ஆனது 1998ல். கார்கில் சண்டை நடந்தது 1999 மே முதல் ஜூலை வரை. அந்த மூன்று மாதமும் மாமா இங்கேதான், ஒரு கேரட் மண்டியில் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். இன்றைக்கு இருந்திருந்தால் ஏணி போட்டு ஏறி, சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்துவிட்டுத்தான் இறங்கியிருப்பார்.

வைத்த பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை, பாசத்தில் வைத்ததுதான். ஆனால் ஒரு வாரமாக எல்லாரும் போடுகிற ஸ்டேட்டஸைப் பார்த்துப் பார்த்து வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மாவீரன், சிங்கம், எல்லைச்சாமி! பட்டாளத்தில் அவர் என்ன செய்தார் என்று நம்மில் ஒருவருக்கும் தெரியாது, அவரும் சொன்னதில்லை. வந்தபிறகு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நம் கண்ணெதிரே செய்ததைப் பற்றி ஒரு வரி கிடையாது. மனு எழுதுவதையும் வரிசையில் நிற்பதையும் ஃப்ளெக்ஸில் எப்படிப் போடுவது?

ஆமாம், அவர் செய்தது பெரும்பாலும் பேப்பர் வேலைதான். கறுப்பு ரெக்சின் பை ஒன்று வைத்திருப்பார். உள்ளே ஸ்டாம்ப் பேட், கோந்து, பஞ்சிங் மெஷின், ரெவின்யூ ஸ்டாம்ப் நாலைந்து, யார் யாருடையதோ பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள், ஒரு சணல் உருண்டை (இது எதற்கு என்று கடைசிவரை கேட்கவே இல்லை), அப்புறம் ஒரு ஈரத்துணி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி.

அந்த ஈரத்துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டும், பெரும்பாலும் நவம்பரில். 2014ல் அது டிஜிட்டல் ஆனது, கைரேகை வைத்தால் போதும் என்றார்கள். நல்ல ஏற்பாடு, ரேகை இருப்பவர்களுக்கு. முப்பது வருஷம் கொழுந்து பறித்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? தேயிலைக் கறை ஏறி, தேய்ந்து, நவம்பர் குளிரில் வெடித்துப்போன விரல். மெஷின் ஒன்றுக்குப் பத்து தடவை 'மேட்ச் ஆகவில்லை' என்று சொல்லும், கவுண்டரில் இருப்பவர் 'அடுத்த ஆள்' என்பார். மாமா அந்தப் பாட்டியை ஓரமாக உட்கார வைத்து, டீக்கடையில் வெந்நீர் வாங்கி விரலை நனைத்து, துணியால் துடைத்து, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பார். வலது கட்டைவிரல் இல்லையா, இடது. அதுவும் இல்லையா, மோதிர விரல். முகத்தைக் காட்டினாலே போதும் என்ற வசதி 2021 நவம்பரில் வந்தபோது அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும், பேரனிடம் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு அன்றைக்கே தோட்டத்து வரிசைவீடுகளுக்கு, லயன் லயனாகக் கிளம்பிவிட்டார்.

எங்கள் மேல் லயன் பாட்டி ஒருவர், பெயரை மாற்றிச் சொல்கிறேன். கணவர் பட்டாளத்தில் இருந்தவர். பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கிற அவருடைய டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் மாரியாயி. ஆதாரில் மாரியம்மாள். அவ்வளவுதான் வித்தியாசம். கணவர் இறந்து பதினான்கு மாதம் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டால் வேறொரு அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள், அங்கே போனால் பழைய இடத்துக்கே. மெட்ராஸ் ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் நம் வெலிங்டனிலேயே இருக்கிறது, பாட்டி வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அந்தக் கேட்டுக்கு முன்னால் நின்று என்ன கேட்பது, எந்தத் தாளைக் காட்டுவது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. மாமா இரண்டு பெயரும் ஒருவர்தான் என்று அஃபிடவிட் போட வைத்து, கல்யாணப் பத்திரிகை கிடைக்காமல் போய், கடைசியில் மூத்த மகனின் பள்ளிக்கூட டி.சி.யில் அம்மா பெயர் மாரியாயி என்று இருந்ததைத் தேடிப் பிடித்தார். ஒரே ஒரு வார்த்தைக்கு ஏழு மாதம் அலைந்தார். நிலுவையோடு பணம் வந்த அன்று பாட்டி வர்க்கி வாங்கி வந்து கொடுத்தார், மாமா அதைப் பிரித்து அங்கே நின்ற எங்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, 'அடுத்து யார் பேப்பர்?' என்றார்.

'பட்டாளத்துல சுடத் தெரியாதவனைக்கூட வெச்சுப்பாங்க, எழுதத் தெரியாதவன்தான் கஷ்டப்படுவான்' என்பார். இது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னால் தலையாட்டிவிடுவது வழக்கம்.

2009 நவம்பர் மண்சரிவை மறந்திருக்க மாட்டீர்கள். 10ஆம் தேதி கேத்தியில் 24 மணி நேரத்தில் 820 மில்லிமீட்டர் மழை என்று பதிவானது, மாவட்டம் முழுக்க 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ரோடு போன இடம் தெரியவில்லை. அன்றைக்கு இருட்டில் மாமா எங்கள் வரிசைக்கு வந்தார், கையில் கயிறுமில்லை கடப்பாரையுமில்லை, ஒரு நோட்டு. வீடு வீடாகத் தலைக்கணக்கு. எத்தனை பேர், யாருக்கு நடக்க முடியாது, யார் சர்க்கரை மாத்திரை போடுகிறவர், கைக்குழந்தை எத்தனை மாதம். மேட்டில் மண் வழிகிற இடத்தில் சிவப்புத் துணி கட்டிய கம்பை நட்டு, அதைத் தாண்டிப்போய் வேடிக்கை பார்த்த என் அப்பாவுக்கு எல்லார் முன்னாலும் ஒரு திட்டு விழுந்தது. அப்பாவுக்கு அது ரொம்ப நாள் ஆறவில்லை. ஆனால் மீட்பு ஆட்கள் வந்தபோது முதலில் யாரைத் தூக்க வேண்டும் என்று அந்த நோட்டில் எழுதியிருந்தது. என் அப்பாயியை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து இறக்கினார்கள், பட்டியலில் மூன்றாவது பெயர்.

அப்பாயி சிலோனில் பிறந்தவர், அட்டன் பக்கம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டார்களே, அந்தக் கணக்கில் கப்பலேறி வந்து இங்கே மறுபடியும் கொழுந்துக்கூடை தூக்கியவர். மாமா 1987ல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். அந்தப் படையில் போய்த் திரும்பாதவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அங்கே செத்த தமிழ்ச் சனங்களின் கதை தனி. இந்த இரண்டு பேரும் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து எத்தனையோ நாள் டீ குடித்திருக்கிறார்கள். ஒரே ஒரு முறை அப்பாயி கேட்டார், 'யாழ்ப்பாணம் எப்படி இருந்துச்சு தம்பி? நான் அந்தப் பக்கம் போனதே இல்ல.'

'பனைமரம் நிறைய, ஆயா' என்றார். அப்புறம் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டீ ஆறிப்போய், அப்பாயியே எழுந்து போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்தார். இந்த ஆளைத்தான் பீரங்கிப் படத்துக்கு முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

அவர் மகான் ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கோபக்காரர். ஏழு மணி பஸ் என்றால் ஆறே முக்காலுக்கு நிற்க வேண்டும், ஐந்து நிமிஷம் பிந்தியதற்கு என்னை விட்டுவிட்டு ஊட்டிக்குப் போயிருக்கிறார், என் பேப்பரும் அவர் பையிலேயே! பட்டாளத்து கேண்டீன் கோட்டா மது பாட்டில் கேட்டு வருகிறவர்களை வாசலிலேயே விரட்டுவார். புதிதாக யாரைப் பார்த்தாலும் எந்த ஊர் என்று கேட்கமாட்டார், ரத்தம் எந்த குரூப் என்றுதான் கேட்பார், கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார், பெண் பார்க்க வந்த இடத்தில்கூட இதைக் கேட்டு மாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பென்ஷனில் பாதி பஸ் டிக்கெட்டுக்கும் ஜெராக்ஸுக்கும் போனது. மாமி அதை மன்னித்ததாகத் தெரியவில்லை.

இப்போது தெருவுக்கு அவர் பெயர் வைக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு தனி ஆள், அதுவும் அறுபத்தெட்டு வயதில், இதையெல்லாம் தூக்கிச் சுமந்ததே நம் எல்லாருக்கும் வெட்கம்தான். படித்த பிள்ளைகள் இல்லாத வீடு இந்த மலையில் இப்போது எது? எனக்கும் ஆன்லைன் படிவம் நிரப்பத் தெரியும், இருந்தாலும் போன வருஷம்வரை என் சொந்த அத்தையின் பேப்பரையே அவர் பையில்தான் போட்டேன்.

நேற்று மாமி அந்தப் பையை எடுத்துக் கொடுத்தார். முடியாத கேஸ் ஒன்பது இருக்கிறது. மூன்று பெயர் திருத்தம், ஒரு வங்கிக் கணக்கு மாற்றம், ஒன்றில் வெறும் போட்டோ மட்டும், பின்னால் சிவப்பு மையில் 'திங்கள் - காது கேட்காது, சத்தமாகப் பேசவும்' என்று எழுதியிருக்கிறார். யார் என்று தெரியவில்லை. அறுபது வயது இருக்கும், மூக்குத்தி, பச்சைச் சேலை, நெற்றியில் சின்ன வெட்டுத் தழும்பு. ஓட்டுப்பட்டறை, வண்ணாரப்பேட்டை பக்கம் இருப்பவர்கள் அக்கம்பக்கத்தில் கேட்டுச் சொல்லுங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு மாமா வீட்டு வாசலில் நானும் இன்னும் இரண்டு பேரும் இருப்போம். ஆதார், டிஸ்சார்ஜ் புக், பாஸ் புக் எல்லாம் ஒரிஜினலோடு வரவும். பத்து மணி என்றால் பத்து மணி.