28 கிராம் நைட்ரஜனுக்கு 84 கிராம் ஹைட்ரஜனா?

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மாலையில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மோல் கணக்கு, அதாவது எடையை வைத்து மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பிடிக்கும் கணக்கு, ஆரம்பித்த முதல் வாரத்திலேயே, 28 கிராம் நைட்ரஜன் முழுவதும் அம்மோனியாவாக மாற எவ்வளவு ஹைட்ரஜன் வேண்டும் என்று கேட்டால், வருடம் தவறாமல், இந்த 84 வந்துவிடும். அம்மோனியா தயாரிக்கும் சமன்பாட்டில் நைட்ரஜனுக்கு 1, ஹைட்ரஜனுக்கு 3 என்று இருக்கிறதா, உடனே 28-ஐ மூன்றால் பெருக்கிவிடுகிறார்கள். சரியான விடை 6 கிராம்.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த 3 எண்ணிக்கை, எடை இல்லை என்பதை யாரும் அவர்களுக்கு நிதானமாகச் சொல்வதே இல்லை. எதை மேலே போடுவது, எதைக் கீழே போடுவது என்று ஒரு குறுக்குவழியை மனப்பாடம் செய்ய வைத்து அனுப்பிவிடுகிறோம். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் திணறுகிறார்கள்.

நான் ஹார்டுவேர் கடையில் இருந்துதான் தொடங்குவேன். ஒரு போல்ட்டுக்கு 3 நட்டு மாட்ட வேண்டும், போல்ட் 28 கிராம், நட்டு 2 கிராம், 28 கிலோ போல்ட் வாங்கினால் நட்டு எத்தனை கிலோ வாங்குவாய்? இதற்கு இதுவரை ஒரு பிள்ளைகூட 84 என்று சொன்னதில்லை. ஆயிரம் போல்ட், மூவாயிரம் நட்டு, 6 கிலோ என்று வாய்க்கணக்காகவே சொல்லிவிடுகிறார்கள். மோலும் இதேதான், டஜன் மாதிரி அது ஓர் எண்ணிக்கை: ஒரு மோல் நைட்ரஜன் 28 கிராம், ஒரு மோல் ஹைட்ரஜன் 2 கிராம், மூன்று மோல் என்றால் 6 கிராம். மூலக்கூறை உட்கார்ந்து எண்ண முடியாது, நிறுத்துப் பார்த்து எண்ணிக்கையைத் தெரிந்துகொள்கிறோம். 1792-இல் ரிக்டர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இந்தக் கணக்குக்கு ஸ்டாய்க்கியோமெட்ரி என்று பெயர் வைத்தபோது மோல் என்ற சொல்லே கிடையாது, எந்த அமிலத்துக்கு எவ்வளவு காரம் வேண்டும் என்று அவர் நிறுத்து நிறுத்தே கண்டுபிடித்தார்.

அப்புறம் சுண்ணாம்புக் காளவாய். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும், மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றோடு போய்விடும். அப்படியானால் 28 கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு எவ்வளவு கல்? 50 கிலோ, எல்லோரும் சொல்லிவிட்டார்கள். சரி, கல்லில் 80 சதவீதம்தான் சுண்ணாம்பாக மாறும் கால்சியம் கார்பனேட், மீதி மண்ணும் மற்றதும் என்றால்? பாதி வகுப்பு 50-இல் 80 சதவீதம் எடுத்து 40 என்று எழுதியது.

முன்வரிசையில் ஒரு பெண், அவளும் 40 என்றுதான் எழுதியிருந்தாள், நோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மட்டமான கல்லுன்னா ஜாஸ்திதானே சார் வேணும், எப்படிக் குறையும்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவளே அதை அடித்துவிட்டு 50-ஐ 0.8-ஆல் வகுத்து 62.5 என்று எழுதினாள்.