வின்னிபெக் கோல்ட்ஐஸ் அணி யாரைத் திரும்ப அழைக்க வேண்டும்?

பேஸ்பால் பருவம் முடிந்து இலையுதிர்காலம் வந்துவிட்டால், வின்னிபெக் ரசிகர்களிடையே ஆண்டுதோறும் நடக்கும் வாக்குவாதம் ஒன்றுதான்: இந்த ஆண்டு ஆடியவர்களில் யாரை அடுத்த மே மாதம் திரும்ப அழைப்பது? பெரும்பாலானோர் பேட்டிங் சராசரிப் பட்டியலை எடுத்து, மேலே இருக்கும் ஆறேழு பெயர்களுக்கு வாக்களித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த ஆட்டக்காரர் சென்ற பருவத்தில் என்ன செய்தார் என்பதைக் காட்டிலும், அடுத்த பருவத்தில் அணிப்பட்டியலின் எந்த இடத்தை அடைத்துக்கொள்வார் என்பதே முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

இந்த அணியை அறியாத நண்பர்களுக்குச் சிறு விளக்கம். கோல்ட்ஐஸ் 1994 முதல் ஆடிவரும் அணி. இப்போது அமெரிக்கன் அசோசியேஷன் என்னும் சுயேச்சை லீக்கில் இருக்கும் ஒரே கனேடிய அணி. 2012, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் இந்த லீக்கின் பட்டத்தை வென்றது. வட அமெரிக்காவின் முதன்மைப் பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கின் அணி எதற்கும் இது கிளை அணி (ஆட்டக்காரர்களை வளர்த்தெடுக்கும் கீழ்நிலை அணி) அல்ல என்பதால், ஆட்டக்காரர்களை மேலிருந்து யாரும் அனுப்பிவைக்க மாட்டார்கள். ஒவ்வொருவரையும் மேலாளரே தேடிப் பிடித்து ஒப்பந்தம் செய்ய வேண்டும். பருவத்துக்கு நூறு ஆட்டங்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஐ.பி.எல். ஏலத்துக்கு முன் வீரர்களைத் தக்கவைப்பதைப் போன்றதுதான் இதுவும் என்றாலும், இங்கே பணத்தைவிட இறுக்கமான வேறொரு கட்டுப்பாடு இருக்கிறது.

அதுதான் அனுபவ ஆண்டுக் கணக்கு. தொழில்முறை ஆட்டத்தில் எத்தனை ஆண்டு கழித்தார் என்பதை வைத்து ஒவ்வோர் ஆட்டக்காரரும் வகைப்படுத்தப்படுகிறார். புதியவர்கள் ஒரு முனை, ஆறாண்டும் அதற்கு மேலும் ஆடிய மூத்தவர்கள் மறுமுனை, இடைப்பட்டவர்கள் நடுவே. மூத்தவர்களைக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது; புதியவர்களைக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே விடவும் முடியாது. இதன் விளைவு என்னவென்றால், சென்ற ஆண்டு நடு வகையில் இருந்துகொண்டு மூன்றாம் பேஸில் நன்றாக ஆடிய ஒருவர், ஒரு வயது கூடியதைத் தவிர எந்த மாற்றமும் இல்லாமலே, வரும் ஆண்டு மூத்தவர் இடம் ஒன்றை விழுங்கிவிடுகிறார். அவரை ஒப்பிட வேண்டியது சென்ற ஆண்டின் அவரோடு அல்ல. அந்த இடத்துக்குச் சந்தையில் கிடைக்கக்கூடிய முன்னாள் டிரிபிள்-ஏ (மேஜர் லீக்குக்கு அடுத்த படிநிலை) ஆட்டக்காரரோடு. இந்த ஒப்பீட்டில் பல ரசிகர்களின் செல்லப்பிள்ளைகள் தேற மாட்டார்கள்.

தேறுகிறவர்களும் உண்டு. புளோரிடா மார்லின்ஸ் அணிக்காக மேஜர் லீக்கில் ஆடிய ரெஜி அபர்க்ரோம்பி, பிற்காலத்தில் வின்னிபெக்குக்கு ஆண்டுதோறும் திரும்பி வந்து, 2016, 2017 பட்டங்களில் பங்கேற்றார். அத்தகைய ஒருவருக்கு மூத்தவர் இடத்தை ஒதுக்கிவைப்பதில் எவருக்கும் தயக்கம் இருக்க முடியாது. அவருக்குக் கீழே உள்ள வரிசையில்தான் சிக்கல்: ஓரளவு ஹோம் ரன் அடிப்பவர், முதல் பேஸைத் தவிர வேறெங்கும் நிற்க முடியாதவர், ஆட்டம் முடிந்ததும் குழந்தைகளுக்குச் சலிக்காமல் கையெழுத்துப் போடுபவர். எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனாலும் நான் அவரை அழைக்க மாட்டேன்.

எண்களைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். நூறு ஆட்டங்களில் ஒருவர் ஏறத்தாழ 400 முறை மட்டை பிடிக்கிறார் என்றால், .300 சராசரிக்கும் .275 சராசரிக்கும் உள்ள வேறுபாடு பத்தே ஹிட் (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாகப் பேஸை அடைவது). அதாவது பத்து ஆட்டத்துக்கு ஒன்று. அந்த ஒன்று இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பின் கையுறையைத் தாண்டியதா, உள்ளே விழுந்ததா என்பதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. எத்தனை முறை ஸ்டிரைக்-அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் ஆட்டமிழப்பது) ஆனார், எத்தனை முறை பொறுமையாக நின்று வாக் (நான்கு தவறான பந்துகளுக்குக் கிடைக்கும் முதல் பேஸ்) வாங்கினார் என்பவை அடுத்த ஆண்டைப் பற்றி இன்னும் நம்பகமாகப் பேசும். ஆட்டத்தின் நடுவே மாற்றாக வந்து பந்து வீசும் ரிலீஃப் பிட்சர்கள் விஷயம் இதைவிட மோசம். பருவம் முழுவதும் 45 இன்னிங்ஸ் வீசும் ஒருவர் பத்து ரன் கொடுத்தால் அவருடைய இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுக்கும் ரன்களின் சராசரி) 2.00, இருபது கொடுத்தால் 4.00. மூன்று மோசமான இரவுகளே ஒருவரை நாயகன் நிலையிலிருந்து வேண்டாதவர் நிலைக்குத் தள்ளிவிட முடியும் என்னும்போது, சென்ற ஆண்டின் இ.ஆர்.ஏ.-வை மட்டும் பார்த்து ரிலீஃப் பிட்சரைத் திரும்ப அழைப்பது ஏறக்குறைய சீட்டுக் குலுக்கிப் போடுவதுதான்.

மாறாக, கேட்சர், ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்டு ஆகிய மூன்று இடங்களிலும் நன்றாகத் தடுத்தாடியவர்களை, மட்டையில் சற்றுப் பின்தங்கியிருந்தாலும், தயங்காமல் அழைத்துவிட வேண்டும் என்பேன். குறிப்பாக, மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர். பந்து வீசுபவர்கள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருக்கும் ஓர் அணியில், அவர்களில் எஞ்சியிருப்போரின் பழக்கங்களையும் எதிரணி மட்டையாளர்களின் பலவீனங்களையும் மனத்தில் வைத்திருப்பவர் அவர் ஒருவரே. இதே லீக்கின் அணி ஒன்று ஆடும் டெக்சஸின் கிளீபர்ன் நகரம் வின்னிபெக்கிலிருந்து சாலை வழியே 2,000 கிலோமீட்டருக்கும் மேல். அந்த வெயிலில் முழுக் கவசத்தோடு ஒன்பது இன்னிங்ஸ் குந்தியிருக்கக்கூடியவர் என்று ஏற்கெனவே நிரூபித்தவரை விட்டுவிட்டு, முன்பின் தெரியாதவரைத் தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இளையவர்களில் யாரை வைத்துக்கொள்வது என்பதில் நான் சற்றுத் தாராளமாகவே இருப்பேன். டேனியல் நாவாவை 2006-ல் சிக்கோ அவுட்லாஸ் என்னும் சுயேச்சை அணி சேர்த்துக்கொள்ளாமல் கழித்துவிட்டது. அடுத்த ஆண்டு அதே அணி அவரை அழைத்தது. அந்தப் பருவத்தில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவருடைய ஒப்பந்தத்தை முதற்கட்டமாக ஒரே ஒரு டாலர் கொடுத்து வாங்கியது. 2010 ஜூன் 12 அன்று மேஜர் லீக்கில் தாம் சந்தித்த முதல் பந்திலேயே அவர் கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸ்களிலும் தம் அணியினர் நிற்கும்போது அடிக்கும் ஹோம் ரன்) அடித்தார். எல்லோரும் நாவா ஆகிவிடப் போவதில்லை. ஆனால் முதல் பருவத்தில் தடுமாறிய 23 வயது இளைஞரை மறு ஆண்டும் முகாமுக்கு அழைப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

அதே சமயம் பட்டியலைக் குளிர்காலத்திலேயே நிரப்பிவிடவும் கூடாது. 2021-ல் மேஜர் லீக் நிர்வாகம் கிளை அணிகளை 120-ஆகக் குறைத்தது. ஒரு காலத்தில் 40 சுற்றுகள் நடந்த டிராஃப்ட் (புதியவர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) 20 சுற்றுகளாகச் சுருங்கியது. 2024-ல் ஒவ்வொரு மேஜர் லீக் அணியும் உள்நாட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய கிளை அணி ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை 180-லிருந்து 165-ஆக இறங்கியது. எனவே மார்ச் இறுதியில் வசந்தகாலப் பயிற்சி முகாம்களிலிருந்து விடுவிக்கப்படுவோரின் தரம் முன்பைவிட உயர்ந்திருக்கிறது. சுமாராக ஆடிய பழைய பிட்சர்கள் ஐந்து பேரை நவம்பரிலேயே அறிவித்துக் கைதட்டல் வாங்கிய அணி, ஏப்ரலில் நல்லவர் ஒருவர் கிடைக்கும்போது இடமில்லாமல் விழிக்கும்.

இதில் அணி நிர்வாகத்தின் மீது எனக்கு ஓர் எதிர்பார்ப்பும் உண்டு. இலையுதிர்காலத்தில் ஒப்பந்த நீட்டிப்பு உரிமையைப் பயன்படுத்திவிட்டால், அந்த ஆட்டக்காரர் லீக்கின் வேறோர் அணியோடு தாமாகப் பேச முடியாது. உண்மையில் தேவையில்லாத மூத்தவர் ஒருவரை, "எதற்கும் இருக்கட்டும்" என்று அப்படிப் பிடித்துவைத்து, மே மாத முகாமின் கடைசி நாளில் விடுவித்தால், அதற்குள் மற்ற அணிகளின் மூத்தவர் இடங்கள் நிரம்பியிருக்கும். 31 வயதில் அவருக்கு அந்தக் கோடைகாலமே போய்விடும். மேலே நான் வேண்டாம் என்று சொன்ன முதல் பேஸ் ஆட்டக்காரரை அக்டோபரிலேயே விடுவித்துவிட வேண்டும். இதே லீக்கின் ஃபார்கோ அணியோ சூ ஃபால்ஸ் அணியோ அவரை எடுத்துக்கொண்டு, ஜூலையில் நமக்கு எதிராகவே அவர் ஹோம் ரன் அடித்தாலும் சரி.