எரரை அழிச்சாச்சு சார்

என் காருக்கு வயது நாலு. இந்த நாலு வருஷத்தில் இன்ஜின் ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை. கிளட்ச், கியர், ரேடியேட்டர் என்று எங்கப்பா அம்பாசிடர் வைத்திருந்த காலத்தில் கவலைப்பட்ட எதற்காகவும் நான் சர்வீஸ் சென்டர் வாசலை மிதித்ததில்லை. போனதெல்லாம் வயரும் சாஃப்ட்வேரும் கொடுத்த குடைச்சலுக்குத்தான்.

சின்னச் சின்னக் குடைச்சல்களோடு வாழப் பழகியாச்சு. ரிவர்ஸ் எடுக்கும்போது வாசலில் தொங்கும் காகிதப்பூக் கொடியைப் பார்த்துவிட்டு, சுவரில் மோதப் போகிற மாதிரி சென்சார் அலறும். சில நாள் காலையில் திரை கறுப்பாகவே நிற்கும். பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் செட்டாப் பாக்ஸ் மாதிரி முதலில் இருந்து எழுந்து வரும். என் போன் சட்டைப் பையில் இருக்க, வீட்டுக்குள் இருக்கிற என் மனைவியின் போனோடு ப்ளூடூத் ஒட்டிக்கொள்ளும். அவள் தன் அக்காவோடு பேசுவது திடீரென்று கார் ஸ்பீக்கரில் கேட்கும். (அதில் என்னைப் பற்றி வந்த ஒரு கருத்தை இங்கே எழுதுவதற்கில்லை.) 80-ஐத் தாண்டினால் டிங் டிங் என்று ஒரு சத்தம். அது கோளாறில்லை, 2019 ஜூலையில் இருந்து புதுக் கார் எல்லாவற்றிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் நாள் முழுக்க ஏதோ ஒன்று கத்திக்கொண்டே இருந்தால், எது சட்டம், எது கோளாறு, எது நிஜ ஆபத்து என்று பார்க்கிற புத்தி நமக்குப் போய்விடுகிறது. புலி வருது புலி வருது கதைதான்.

புலி 2024 நவம்பரில் வந்தது.

பாளையங்கோட்டையில் இருந்து மதுரைக்குக் கிளம்பியிருந்தோம். முதல் நாள் ராத்திரி நல்ல மழை. கயத்தாறு தாண்டி நாலுவழிச் சாலையில் 80-ல் போய்க்கொண்டிருந்தபோது ஸ்பீடோமீட்டர் முள் சட்டென்று பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. வண்டி பாட்டுக்கு ஓடுகிறது, முள் மட்டும் படுத்துவிட்டது. அடுத்த நொடி ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற அமைப்பு), ஸ்டியரிங், இன்னும் பெயர் தெரியாத இரண்டு மூன்று என்று மஞ்சளும் சிவப்புமாக விளக்குகள், கார்த்திகைக்கு அகல் ஏற்றின மாதிரி வரிசையாக எரிந்தன. ஸ்டியரிங் கனத்துப் போனது. பின்னால் ஒரு லாரி. எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தி, அணைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டு நிமிஷம் கழித்து ஸ்டார்ட் பண்ணினேன். ஒரு விளக்கு இல்லை. எதுவுமே நடக்காத மாதிரி பூனையாகப் படுத்திருக்கிறது கார். அன்றைக்கு மதுரை போய்த் திரும்பும் வரை ஒரு தொந்தரவும் இல்லை.

மறுநாள் சர்வீஸ் சென்டர். ஏசி அறை, காபி, டேப்லெட்டோடு ஒரு பையன். நல்ல பையன்தான். நடந்ததைச் சொன்னேன். வண்டியை உள்ளே எடுத்துப் போய், அதன் மெமரியில் பதிவான எரர்களைப் படிக்கிற ஸ்கேனர் மாட்டி அரை மணி நேரத்தில் வந்தான். "ரெண்டு மூணு எரர் இருந்துச்சு சார். கிளியர் பண்ணிட்டோம். இப்ப எதுவும் இல்ல." என்ன எரர் என்று கேட்டேன். "கம்யூனிகேஷன் எரர் சார், சும்மா வரும்." பில் வந்தது. வாட்டர் வாஷ் இலவசம். வண்டி பளபளவென்று வெளியே வந்தது.

இரண்டாம் நாள் வண்ணார்பேட்டை மேம்பாலத்தில் மறுபடி அதே தீபம்.

இதை ஒரு மாதத்தில் மூன்று முறை செய்தோம். ஒவ்வொரு முறையும் ஸ்கேனர், கிளியர், வாஷ், பில். மூன்றாவது தடவை நான் செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். பையன் அதை மரியாதையாக முழுக்கப் பார்த்தான். பார்த்துவிட்டு, "ஆனா கம்ப்யூட்டர்ல இப்ப எதுவும் காட்டலையே சார்" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கண், என் வீடியோ, பக்கத்தில் உட்கார்ந்து கத்திய என் மனைவி, மூன்று சாட்சியும் அங்கே செல்லாது. காட்டுவதற்கு ஒன்றுமில்லாதபடி அவர்களே அழித்துவிட்ட ஒரு மெமரியின் சாட்சி மட்டும் செல்லும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கும் அதுவரை தெரியாது. இந்த எரர் கோட் எண்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. 'பி' (P) என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் இன்ஜின், 'சி' என்றால் பிரேக், ஸ்டியரிங் பக்கம், 'யு' என்றால் யூனிட்டுகளுக்குள், அதாவது காரின் ஒவ்வொரு பகுதியையும் நடத்துகிற குட்டிக் கம்ப்யூட்டர்களுக்குள், பேச்சு அறுந்தது. எனக்கு வந்தது 'யு0121', ஏபிஎஸ் யூனிட்டிடம் இருந்து சத்தமே வரவில்லை என்று மற்ற யூனிட்டுகள் கொடுக்கிற புகார். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று எல்லாருக்கும் சொல்வது ஏபிஎஸ்தான். அது வாயை மூடினால் முள் படுக்கும், வேகத்தைப் பார்த்து கனத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்டியரிங் குழம்பும். அப்புறம், பல எரர்களோடு ஒரு குறிப்பும் சேர்ந்து பதிவாகும்: அந்த நொடியில் வேகம் என்ன, இன்ஜின் சுற்று எவ்வளவு, என்ன வோல்டேஜ் இருந்தது என்று. 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்பார்கள். வந்து போய் வந்து போய் இருக்கிற கோளாறைப் பிடிக்க இருக்கும் ஒரே தடயம் அதுதான். எரரை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். திருட்டு நடந்த வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டு, ரேகை ஒன்றும் கிடைக்கவில்லை என்று போலீஸ் சொன்னால் எப்படி இருக்கும்?

நாலாவது முறை எஸ்டிமேட் வந்தது. ஏபிஎஸ் யூனிட்டையே மாற்றிப் பார்க்கலாம், 62,000 ரூபாய். கவனியுங்கள், மாற்றிப் 'பார்க்கலாம்'. வாரன்ட்டி முடிந்து சரியாக இரண்டு மாதம் ஆகியிருந்தது.

வீட்டில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது என் மனைவி, "அது கிடக்கட்டும், கார்ல ஊறப்போட்ட துணி வாடை அடிக்குதுன்னு மூணு மாசமா சொல்றேன், அதைக் கேட்டியளா?" என்றாள். கேட்டேன்தான். ஏசி வாடை என்று நினைத்து டேஷ்போர்டில் வாசனை டப்பா ஒன்று வாங்கி ஒட்டியிருந்தேன்.

நண்பர் ஒருவர் சொல்லி, சமாதானபுரம் பக்கம் தகரக் கொட்டகை போட்டிருக்கிற ஓர் எலக்ட்ரீசியன் அண்ணாச்சியிடம் போனேன். அறுபது வயது இருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அவர் கை ஓயவில்லை என்றார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. தாமிரபரணி ஊருக்குள் வந்து எத்தனையோ கார்கள் முங்கின. கம்பெனிக்காரர்கள் கழித்துக்கட்டச் சொன்ன வண்டிகளை எல்லாம் பிரித்து, உலர்த்தி, ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றித் துடைத்து ஓட வைத்தவர்.

அவர் முதலில் ஸ்கேனரையே தொடவில்லை. கேள்விதான் கேட்டார்.

"மழைக்குப் பொறவு வருதா, சும்மாவே வருதா தம்பி?"

யோசித்தேன். "மழைக்கு மறுநாள்... ஆமா அண்ணாச்சி. வாட்டர் வாஷ் பண்ணிட்டு வந்தாலும் வருது."

"வீட்டுல எங்க நிப்பாட்டுதிய?"

"வாசல்ல, வேப்பமரத்தடியில."

அவ்வளவுதான். பானெட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு கைப்பிடி வேப்பிலைச் சருகும் பூவும் மக்கிக் கறுத்துக் கிடந்தன. கண்ணாடியில் விழுகிற தண்ணீர் வெளியேற அங்கே ஒரு துளை உண்டு, அது அடைத்துவிட்டது. தேங்கின தண்ணீர் ஏசிக்குக் காற்றை இழுக்கிற வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. இடப்பக்கம் கால் வைக்கும் இடத்தில் மிதியடியை எடுத்து, கார்ப்பெட்டைத் தூக்கி ஓர் அமுக்கு அமுக்கினார். தண்ணீர் கசிந்து விரலில் ஏறியது. அந்த வாடை முகத்தில் அடித்தது. என் மனைவி சொன்ன அதே வாடை.

கதவுப் பக்கத்து ஓரத்தில் ஒரு வெள்ளைக் கனெக்டர். அதைக் கழற்றும் முன் பேட்டரி கம்பியைப் பிடுங்கிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஸ்கேனர் சாக்கெட்டின் இரண்டு பின்னில் மின்தடை அளக்கிற மீட்டரை வைத்தார். 60 ஓம். "இதான் சரியான கணக்கு. இப்பப் பாருங்க" என்று கனெக்டரை லேசாக ஆட்டினார். 60, 60, 120, 60, 120.

இதன் விளக்கம் எளிது. பழைய காரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வயர் போகும். இப்போது யூனிட்டுகள் எல்லாம் முறுக்கிவிட்ட இரண்டு வயரில்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய 'கேன்' என்ற முறை. அந்த இரட்டை வயரின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் இணையாகச் சேர்ந்து தெரிந்தால் மீட்டர் அதில் பாதி, 60 காட்டும். நடுவில் எங்காவது விட்டுப்போனால் ஒன்றுதான் தெரியும், 120. இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். "மலையாளத்துப் பையன் ஒருத்தன் யூடியூப்ல போடுதான் தம்பி."

கனெக்டரைப் பிரித்துக் காட்டினார். ஒரு பின்னில் பச்சைக் களிம்பு. பாட்டி வீட்டுச் செப்புக்குடத்தில் புளி போடாமல் விட்டால் பிடிக்குமே, அதே களிம்பு. ஸ்ப்ரே அடித்து, பிரஷ் போட்டுத் துடைத்து, பின்னை மாற்றி, கார்ப்பெட்டை இரண்டு நாள் வெயிலில் போடச் சொன்னார். 850 ரூபாய்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் போய்விட்டது. முள் படுக்கவில்லை.

சர்வீஸ் சென்டர் பையன்களைத் திட்ட எனக்கு மனசில்லை. இரண்டாவது தடவை போயிருந்தபோது வெளியே டீக்கடையில் நின்ற மெக்கானிக் ஒருவர் சொன்னார்: ஸ்கேனரில் கோட் இல்லாமல் வாரன்ட்டிக்கு எழுதினால் கம்பெனி திருப்பி அனுப்பிவிடும், கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்கிற நேரத்துக்கு யாரும் காசு தர மாட்டார்கள். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று தலைக்கு மேல் கத்தி. ஸ்கேனர் காட்டியதைச் செய், காட்டாததை விடு. அண்ணாச்சியும் நாள் முழுக்க ஒரே வண்டியை வைத்துக்கொண்டு உட்காருகிறவர் இல்லை. ஆனால் அவருக்கு முதல் தடயம் வண்டிக்காரன் வாய். இவர்களுக்கு அது கடைசி.

என் கோரிக்கை ரொம்பச் சின்னது. எரரை அழிப்பதற்கு முன்னால் அதை அச்சடித்து என் கையில் கொடுங்கள். கோட் எண், அதோடு பதிவான குறிப்பு, தேதி. ரத்தப் பரிசோதனை செய்தால் ரிப்போர்ட்டை நம்மிடம் தருகிறார்கள் இல்லையா, டாக்டர் பார்த்துவிட்டுக் கிழித்துப் போடுவதில்லையே. அதே மாதிரி சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் என்ன மாற்றினீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். போன வருஷ பில்லில் 'சாஃப்ட்வேர் அப்டேட் – 1' என்று ஒரு வரி இருந்தது, ஏதோ வடை எண்ணிக்கை மாதிரி. அதற்குப் பிறகு ஏசி ஃபேன் தன்னிஷ்டத்துக்கு வேகம் கூட்டுகிறது. கேட்டால் "அது ஃபீச்சர் சார்".

நாமே ஒரு ஸ்கேனர் வாங்கினால் என்ன என்று சிலர் கேட்பீர்கள். ஆயிரம் ரூபாய்க்குள் ப்ளூடூத் ஸ்கேனர் கிடைக்கிறது, வாங்கினேன். அது இன்ஜின், புகை சம்பந்தப்பட்ட கோடுகளைத்தான் ஒழுங்காகப் படிக்கிறது. ஏபிஎஸ், ஸ்டியரிங், ஏர்பேக் எல்லாம் பெரும்பாலும் கம்பெனிக்காரனின் சொந்த பாஷை.

கோளாறு ஊருக்கே வந்தால் கதை வேறு. அமெரிக்காவில் டெஸ்லா கார்களின் பெரிய திரைக்குள் இருந்த மெமரி சிப், பதிவுகளை எழுதி எழுதியே தேய்ந்து, திரை செத்துப் போனது. பின்பக்கக் கேமராவும் கண்ணாடிப் பனியை நீக்குகிற வசதியும் அதோடு போவதால் அரசு தலையிட்டு, 2021-ல் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. இங்கேயும் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் ரீகால் உத்தரவு போடும் அதிகாரம் அரசுக்கு இருக்கிறது. அதற்கு ஒரே மாதிரிக் கோளாறு நிறையப் பேருக்கு வர வேண்டும், வந்தவர்கள் புகார் பதிய வேண்டும். என்ன கோளாறு என்றே கையில் எழுத்து இல்லாதவன் எதைப் பதிவான்? என் மாடலில் வேப்பமரத்தடியில் நிற்கும் இன்னும் எத்தனை கார்களில் அந்தத் துளை அடைத்திருக்கிறது, எத்தனை பேர் 62,000 கட்டினார்கள், எனக்கு எப்படித் தெரியும்?

போன வாரம் சர்வீஸ் சென்டரில் இருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அடுத்த சர்வீஸ் டியூ சார், அப்பாயின்ட்மென்ட் போடட்டுமா என்று. போடும்மா, ஆனால் ஜாப் கார்டில் இரண்டு விஷயம் எழுதிக்கோ என்றேன். ஒன்று, எரர் இருந்தால் அழிக்கும் முன் பிரின்ட் வேண்டும். அது சிஸ்டத்தில் ஆப்ஷன் இல்லை சார் என்றாள். சரி, இரண்டாவது, வாட்டர் வாஷ் வேண்டாம்.

"அது காம்ப்ளிமென்டரி சார், எடுக்க முடியாது."